மாதக்கணக்கில் வீட்டுக்குள்: நாளைக்குக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்

உடல்நிலை காரணமாக இன்னும் மூன்று மாதமாவது வெளியே போக முடியாது என்கிறீர்கள். மூன்று வாரத்திலேயே கிழமை மறந்துபோகிறது, படம் பார்ப்பதும் கைபேசியைத் தடவிக்கொண்டிருப்பதும் அலுத்துவிட்டது, மனம் கெட்டுப்போகாமல் இருக்க எந்தப் பொழுதுபோக்கை எடுத்துக்கொள்வது என்று கேட்கிறீர்கள். கூடவே ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: “நேரம் கொட்டிக் கிடக்கிறது, ஆனால் எதையும் தொடங்கத் தோன்றவில்லை.” அந்த வரிக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

நோயோ விபத்தோ கடந்து வீடு திரும்பியவர்களுக்கு அன்றாடச் செயல்களை மீண்டும் பழக்குவது என் தொழில். பதினெட்டு ஆண்டுகளாக இதைச் செய்கிறேன். நானே ஒருமுறை கால் எலும்பு முறிந்து பதினோரு வாரம் ஒரே அறையில் கிடந்திருக்கிறேன். ஆகவே கட்டிலுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் இரண்டிலும் இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

கரும்புக்குக் கணு இருப்பதுபோல நாளுக்கும் கணுக்கள் உண்டு. பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது, வழியில் ஒருவரைப் பார்த்துத் தலையசைப்பது, மாலையில் வீட்டுக் கதவைத் திறப்பது என்று எத்தனையோ. வெளியே போகிறவரை அவற்றை நாம் கவனிப்பதே இல்லை. வீட்டோடு இருக்கத் தொடங்கியதும் அவை ஒவ்வொன்றாக உதிர்ந்துவிடுகின்றன. பிறகு நாள் பிடிப்பில்லாமல் வழுக்குகிறது. தொடங்கத் தோன்றாததற்குச் சோம்பல் காரணமில்லை. இப்போது தொடங்கினாலும் நான்கு மணி நேரம் கழித்துத் தொடங்கினாலும் ஒன்றுதான் என்றால், மனம் எந்த இடத்தைப் பற்றிக்கொண்டு எழும்?

1962இல் மிஷல் சிஃப்ர் என்ற இளம் பிரெஞ்சு ஆய்வாளர் ஆல்ப்ஸ் மலையில் நிலத்தடிக் குகை ஒன்றில் இரண்டு மாதம் தனியாக இருந்தார். கடிகாரம் கிடையாது, பகல் வெளிச்சமும் கிடையாது. செப்டம்பர் 14ஆம் தேதி அவரை வெளியே அழைத்தபோது அவர் கணக்கில் அது ஆகஸ்ட் 20தான். இருபத்தைந்து நாட்கள் காணாமல் போயிருந்தன! நொடிக்கு ஒன்றாக 120 வரை எண்ணச் சொன்னால், அவர் எண்ணி முடிக்க ஏறக்குறைய ஐந்து நிமிடம் ஆனது. அவர் அறிவு மழுங்கிவிடவில்லை. வெளியிலிருந்து அடையாளம் எதுவும் கிடைக்காத மனம் இப்படித்தான் தடுமாறும். கிழமை மறந்துபோகிறது என்று நீங்கள் சொன்னபோது எனக்கு அந்தக் குகைதான் நினைவுக்கு வந்தது.

எனவே எந்தப் பொழுதுபோக்கையும் எடுப்பதற்கு முன்னால் வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள். நம் உடலின் உள்கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளமாக ஓடுவது. காலை வெளிச்சம்தான் அதைத் தினமும் 24 மணி நேரத்துக்கு இழுத்துச் சரிசெய்கிறது. ஒளியை அளக்கும் அலகு லக்ஸ். வீட்டு விளக்கின் ஒளி பெரும்பாலும் சில நூறு லக்ஸ்தான். மேகம் மூடிய நாளில்கூட வெளியே அது பல ஆயிரம் இருக்கும். ஜன்னலிலிருந்து இரண்டு அடி தள்ளி உட்கார்ந்தாலே ஒளி வெகுவாகக் குறைந்துவிடும். 2010 ஜூன் முதல் 2011 நவம்பர் வரை மாஸ்கோவில் ஆறு பேர் செவ்வாய்ப் பயண ஒத்திகையாக 520 நாட்கள் மூடிய கூடத்துக்குள் இருந்தார்கள். பயிற்சி பெற்ற அவர்களுக்கே நாளாக ஆக நடமாட்டம் குறைந்தது, சிலருக்குத் தூக்கம் கலைந்தது, ஒருவருடைய நாள் 25 மணி நேரமாக நீண்டுவிட்டது. காலையில் ஒரே நேரத்தில் எழுந்து, கைபேசியைத் தொடுவதற்கு முன் அரை மணி நேரம் ஜன்னலை ஒட்டி உட்காருங்கள். நாளின் முதல் கணு அது.

இனிப் பொழுதுபோக்குக்கு வருவோம். பட்டியல்கள் எங்கும் கிடைக்கும்: ஓவியம், தோட்டம், இசை, பின்னல், புதிர், மொழி. எல்லாமே நல்லவைதான். எதை எடுப்பது என்று முடிவு செய்ய நான் எல்லோரிடமும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்கிறேன்: இரவு படுக்கும்போது அதில் ஏதாவது மிச்சம் இருக்குமா? நாளைக் காலையில் “அது என்ன ஆயிற்று” என்று பார்க்கத் தோன்றுமா? அப்படித் தோன்றினால் அது உங்களைக் காப்பாற்றும். பார்த்து முடித்ததும் தடமில்லாமல் மறையும் எதுவும், எவ்வளவு இன்பமாக இருந்தாலும், இந்த மூன்று மாதத்துக்குத் துணை வராது.

இந்தக் கேள்வியில் எளிதாகத் தேறுவது செடி. வீட்டுத் தோட்டம் போடுங்கள் என்று சொல்லவில்லை. ஒரு விதை போதும்.

நான் கிடந்த பதினோரு வாரத்தில் இரண்டாவது வாரம்தான் கொடுமை. பார்க்க வந்த தோழி ஒருத்தி, கண்ணாடித் தம்ளர் ஒன்றின் உட்புறம் ஈரப் பஞ்சைச் சுற்றி, பஞ்சுக்கும் கண்ணாடிக்கும் நடுவே நான்கு அவரை விதைகளைச் செருகி, தலைமாட்டு ஜன்னலில் வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் தோல் சுருங்கி, விதைகள் உப்பியிருந்தன. மூன்றாம் நாள் ஒரு விதையின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு முனை. அது கீழே போகிறதா என்று பார்ப்பதற்காகக் கண்ணாடியின் வெளிப்புறத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தேன். மாலையில் வேர் புள்ளியைத் தாண்டியிருந்தது. வேண்டுமென்றே இன்னொரு விதையைத் தலைகீழாகத் திருப்பிவைத்தேன். மேலே போக முயன்ற வேர், ஒரு பகல் கழிவதற்குள் வளைந்து கீழே திரும்பிவிட்டது. தண்டோ, தலையைக் குனிந்துகொண்டே பஞ்சை முட்டி வந்து, வெளிச்சம் பட்ட பிறகுதான் நிமிர்ந்தது. அந்த வாரம் முழுக்க நான் விழித்த நேரமெல்லாம் முதலில் பார்த்தது அந்தத் தம்ளரைத்தான். கால் வலி அப்படியேதான் இருந்தது. ஆனால் செவ்வாய்க்கிழமைக்கும் புதன்கிழமைக்கும் வித்தியாசம் இருந்தது.

பின்னாளில் சார்லஸ் டார்வினும் இப்படி இருந்திருக்கிறார் என்று படித்தபோது மனம் நெகிழ்ந்துவிட்டது. நோயால் அறையைவிட்டு வெளியேற முடியாத நாட்களில் அவர் தொட்டியில் ஒரு ஹாப் கொடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரவும் பகலும் அதன் நுனியைக் கவனித்தார். பற்றிக்கொள்ள எதுவும் கிடைக்காத நுனி வெறும் காற்றில் வட்டமாகச் சுற்றி வருகிறது. ஒரு சுற்றுக்குச் சராசரியாக 2 மணி 8 நிமிடம் என்று குறித்து வைத்திருக்கிறார். ஏறுகொடிகளைப் பற்றி 1865இல் வெளியான அவருடைய ஆராய்ச்சியில் இது இருக்கிறது. உங்களால் ஒரு கொடியை ஜன்னலருகே வைக்க முடிந்தால் வையுங்கள். நுனிக்கு நேரே கண்ணாடியில் மணிக்கு ஒரு புள்ளி வையுங்கள், பக்கத்தில் நேரத்தையும் எழுதுங்கள். மாலையில் புள்ளிகளை இணைத்துப் பாருங்கள்.

நெல்சன் மண்டேலா போல்ஸ்மூர் சிறையின் மொட்டை மாடியில், 16 எண்ணெய் பீப்பாய்களைப் பாதியாக வெட்டி, 32 தொட்டிகளாக்கித் தோட்டம் வைத்திருந்தார். விண்வெளி நிலையத்தில் 340 நாட்கள் இருந்த ஸ்காட் கெல்லி, பூஞ்சை பிடித்துச் சாகக் கிடந்த சினியாச் செடிகளை, எப்போது தண்ணீர் விடுவது என்பதைத் தானே பார்த்து முடிவு செய்து பிழைக்கவைத்தார். 2016 ஜனவரியில் அவை பூத்தன. அடைபட்டிருந்த இவ்விருவருமே செடியிடம் போனது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. எதையும் நம்மால் தீர்மானிக்க முடியாத இடத்தில், நம் கையை நம்பி ஓர் உயிர் இருப்பது பெரிய ஆறுதல்.

அடுத்தது கைவேலை. எதுவும் தொடங்கத் தோன்றாத மனத்தை மனத்தாலேயே இழுத்துவர முடியாது, கை இழுத்துவரும். மெக்சிகோ ஓவியர் ஃபிரிடா காலோ 1925இல் பஸ் விபத்தில் சிக்கிப் படுக்கையில் கிடந்தபோது, படுத்தபடியே வரைய அவருடைய அம்மா ஒரு தாங்கி செய்துகொடுத்தார். கட்டிலுக்கு மேலே கண்ணாடி பொருத்தினார்கள். தெரிந்தது தன் முகம்தான், அதையே வரைந்தார். பிரெஞ்சு ஓவியர் ஆன்றி மத்தீஸ் 1941இல் பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு, நெடுநேரம் நின்று வரைய முடியாமல், கத்தரிக்கோலை எடுத்து வண்ணம் பூசிய தாளை வெட்டத் தொடங்கினார். இருவரும் மேதைகள், நமக்கு எப்படிப் பொருந்தும் என்று நினைக்காதீர்கள். நான் பார்ப்பது அவர்கள் தொடங்கிய விதத்தை. எட்டும் தூரத்தில் இருந்ததை, அன்றைக்கு உடம்பு அனுமதித்த அளவில் எடுத்தார்கள்.

வரையத் தெரியாதவர்களுக்கு நான் கொடுக்கும் பயிற்சி இதுதான். ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். சாவிக்கொத்தோ, செருப்போ, உங்கள் இடது கையோ, எதுவாகவும் இருக்கலாம். தினமும் அதே நேரத்தில் பத்து நிமிடம் அதையே வரையுங்கள். அழிக்கக் கூடாது, மறுபடி தொடங்கவும் கூடாது. தேதி போட்டு மூடிவையுங்கள். முதல் ஐந்து நாள் நீங்கள் வரைவது உங்கள் மனத்தில் இருக்கும் “கை” என்ற பொம்மைதான்: ஐந்து குச்சிகள், ஒரு சதுரம். ஏழெட்டு நாளில் கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒரே தளத்தில் இல்லை என்பது கண்ணில் படும். பிறகு மடிப்புக் கோடுகள், நகத்தின் ஓரத்து நிழல், நடுவிரல் சற்றே சாய்ந்திருப்பது. முப்பதாவது நாள் முதல் தாளை எடுத்துப் பாருங்கள். என்னிடம் வந்த ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர் அப்படிப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவே இல்லை. பிறகு, “இத்தனை வருஷம் இந்தக் கையை வைத்துக்கொண்டுதானே எழுதினேன்” என்றார்.

பின்னல், தையல், தாள் மடிப்பு, மரத்தில் சிறு செதுக்கல் எதுவானாலும் இதே கதைதான். கை ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது மூச்சு சீராகிறது, கவலை பின்னால் போகிறது. வேலை கைத்திறனைவிட ஒரு மயிரிழை கடினமாக இருக்க வேண்டும். மிக எளிதென்றால் மனம் பழைய கவலைக்கே திரும்பிவிடும், மிகக் கடினமென்றால் எரிச்சல்தான் மிஞ்சும். மனிதர்கள் தங்களை மறந்து ஒன்றில் ஆழ்வது எப்போது என்று பல ஆண்டுகள் ஆராய்ந்த உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி சொன்னதும் திறனும் சவாலும் பொருந்தும் அந்த இடத்தைத்தான். துண்டுப் படப் புதிர் வாங்குவதாக இருந்தால் ஆயிரம் துண்டில் தொடங்க வேண்டாம், முந்நூறு போதும். அதை விரித்தபடியே விட்டுவைக்க ஒரு பலகை இருக்கட்டும். தினமும் எடுத்து மூடவேண்டிய வேலையை நாலு நாளில் கைவிட்டுவிடுவோம்.

கற்றுக்கொள்வதைப் பற்றிக் கேட்டால், மொழியோ இசையோ, நாளுக்கு இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்பேன். நினைவாற்றலை ஆராய்ந்த ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885லேயே காட்டிவிட்டார்: ஒரே மூச்சில் உருப்போடுவதைவிடப் பல நாட்களில் பிரித்துப் படிப்பது நன்றாகத் தங்கும். நேரம் கிடக்கிறதே என்று முதல் நாள் ஐந்து மணி நேரம் படிப்பவர்கள் இரண்டாவது வாரத்தில் நிறுத்திவிடுகிறார்கள். ஆசை இன்னும் இருக்கும்போதே புத்தகத்தை மூடுங்கள். அந்த ஆசைதான் நாளைக்கான மிச்சம்.

இசையைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது. எர்னஸ்ட் ஷேக்கிள்டனின் எண்டியூரன்ஸ் கப்பல் 1915இல் அண்டார்க்டிகப் பனியில் சிக்கி நொறுங்கியது. தப்பிப்பதற்காக ஒவ்வொருவரும் சொந்தப் பொருட்களில் இரண்டு பவுண்டு எடைக்கு மேல் எடுக்கக் கூடாது என்று கட்டளையிட்ட அதே ஷேக்கிள்டன், வானிலையாளர் லெனர்ட் ஹஸ்ஸியின் பான்ஜோ என்ற தந்தி வாத்தியத்தை மட்டும் விட்டுவரச் சம்மதிக்கவில்லை. அதன் எடை பன்னிரண்டு பவுண்டு. மனத்துக்கான மருந்து அது என்று அவர் கருதினார். பிறகு எலிஃபன்ட் தீவில் 22 பேர் கவிழ்த்த படகுகளுக்கு அடியில் நான்கு மாதத்துக்கு மேல் காத்திருந்தபோது அந்த இசை அவர்களோடு இருந்தது. அந்த 22 பேரும் உயிரோடு மீண்டார்கள். வீட்டில் தூசி படிந்த வாத்தியம் ஏதாவது இருந்தால் வெளியே எடுங்கள். வாத்தியம் இல்லையென்றால் பாடுங்கள். பாடவும் கூச்சமாக இருந்தால் ஒரு புத்தகத்தை வாய்விட்டுப் படியுங்கள். நாள் முழுக்கப் பேசாமல் இருக்கும் தொண்டைக்கு வேலை வேண்டும்.

பான்ஜோ அங்கே பலருக்கும் பொதுவானதாக இருந்தது என்பதையும் கவனியுங்கள். உங்கள் பொழுதுபோக்கில் ஒன்றாவது இன்னொருவரோடு கட்டப்பட்டிருக்கட்டும். நலம் விசாரிக்கும் தொலைபேசி அழைப்புகள் சீக்கிரம் வற்றிவிடும். சொல்லப் புதிதாக ஒன்றும் இருக்காது. அதற்குப் பதிலாக ஒரு நண்பரோடு நாளுக்கு ஒரே ஒரு நகர்த்தல் என்று செஸ் ஆடுங்கள். பலகை உங்கள் மேசையில் இருக்கும், போகும்போதும் வரும்போதும் கண்ணில் படும். அல்லது உறவில் ஒரு குழந்தைக்குத் தினமும் இரவு தொலைபேசியில் கதையில் ஒரு பகுதியைப் படித்துக் காட்டுங்கள். அந்தக் குழந்தை உங்களை ஒரு நாளும் தவறவிடாது.

வீட்டில் மற்றவர்களும் இருந்தால் சிக்கல் தலைகீழ். அங்கே தனிமை போதாது. ஆளுக்கொரு மூலை, ஆளுக்கு ஒரு மணி நேரம், அந்த நேரத்தில் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள். பல வீடுகளில் சண்டை இதனாலேயே பாதியாகக் குறைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கைபேசியையும் படத்தையும் விடச் சொல்ல மாட்டேன். வலியோடு கிடப்பவருக்குப் படம் ஒரு நல்ல துணை. நேரத்தை மட்டும் மாற்றுங்கள். காலையில் தொடங்கினால் அது முழு நாளையும் விழுங்கிவிடும். மாலைக்கு வைத்தால் எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஒன்றாகும்.

எழுதுவது பற்றி. 1790இல் சேவியர் த மேஸ்த்ர் என்ற படை அதிகாரி, ஒரு வாள்சண்டைக்குத் தண்டனையாக டூரின் நகரில் தன் அறையிலேயே 42 நாட்கள் அடைபட்டார். அந்த அறைக்குள்ளேயே ஒரு பயணம் போவதாக, நாற்காலி, கட்டில், சுவரிலிருந்த படங்கள் என்று ஒவ்வோர் இடமாக நின்று ஒரு புத்தகமே எழுதிவிட்டார். உங்கள் அறையில் ஒரு பொருளுக்கு ஒரு பக்கம் என்று அப்படி எழுதிப் பார்க்கலாம்: எப்போது வந்தது, யார் கொடுத்தது, எந்த மூலை உடைந்திருக்கிறது. நாட்குறிப்பு எழுத வராதவர்களுக்கும் இது வருகிறது.

மனத்தில் கனமான ஒன்று இருந்தால் அதை எழுதுவதற்குத் தனி வழி உண்டு. உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் தங்களைப் பாதித்த நிகழ்வைப் பற்றி நாளுக்குப் பதினைந்து நிமிடம், நான்கு நாட்கள் எழுதினார்கள். எழுதிய உடனே மனம் இன்னும் சோர்ந்தது. ஆனால், நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது. ஆகவே படுக்கப் போகும் நேரத்தில் அதை எழுத வேண்டாம். பகலில் எழுதி, முடித்ததும் செடிக்குத் தண்ணீர் விடப் போங்கள்.

உடற்பயிற்சியைப் பற்றி உங்கள் மருத்துவர் சொல்வதே இறுதி. அவர் அனுமதிக்கும் அசைவு எவ்வளவு சிறியதானாலும் நேரம் குறித்துச் செய்யுங்கள். மண்டேலா சிறை அறைக்குள் நின்ற இடத்திலேயே 45 நிமிடம் வரை ஓடுவார். உங்களுக்கு அது கணுக்காலைச் சுழற்றுவதாக மட்டுமே இருக்கலாம். அதுவும் ஒரு கணுதான்.

ஒரு வேண்டுகோள். கொள்ளைநோய் காரணமாகக் கேம்பிரிட்ஜ் மூடப்பட்ட 1665–66 காலத்தில் நியூட்டன் வீட்டிலிருந்தபடியே கணிதத்திலும் ஒளியியலிலும் சாதித்த கதையை யாராவது உங்களிடம் சொல்வார்கள். கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள். அந்தக் கதையால் ஊக்கம் பெற்ற ஒருவரையும் என் தொழிலில் நான் சந்தித்ததில்லை, குற்ற உணர்வோடு படுத்தவர்களைச் சந்தித்திருக்கிறேன். உங்கள் உடம்பு இப்போது ஒரு பெரிய வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. சாதனை எதையும் யாரும் உங்களிடம் கேட்கவில்லை. அரைகுறையாகப் பின்னிய ஒரு சால்வை போதும்.

இன்னொன்றும் முக்கியம். முன்பு பிடித்த எதுவுமே பிடிக்காமல், பெரும்பாலான நாட்களில் நாள் முழுக்க மனம் இருண்டு, தூக்கமும் பசியும் கெட்டு இரண்டு வாரத்துக்கு மேல் போனால், அது பொழுதுபோக்கால் தீரும் நிலை இல்லை. மருத்துவரிடம் சொல்லுங்கள். வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கவே கூடாது, அன்றைக்கே பக்கத்தில் இருப்பவரிடமும் மருத்துவரிடமும் வாய்திறந்து சொல்லிவிடுங்கள். எலும்பு முறிவுக்கு உதவி கேட்பது போன்றதுதான் இதுவும்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால்: மூன்று வேண்டும், மூன்றுக்கு மேல் வேண்டாம். வளரும் ஒன்று, கையால் செய்யும் ஒன்று, இன்னொருவரோடு சேர்ந்த ஒன்று. இன்றிரவு அவரை விதை நான்கைத் தண்ணீரில் போட்டுவிட்டுப் படுங்கள். காலையில் தோல் சுருங்கியிருக்கிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சுருங்கியிருந்தால் தம்ளரையும் பஞ்சையும் எடுங்கள். பேனாவும் பக்கத்திலேயே இருக்கட்டும்.